அவிழ்க்கச் சொன்ன வார்

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் உள்ள பழைய மூன்று மாடிக் கட்டடத்துக்கு வேல்ராஜை வேலைக்கு அனுப்பும்போது நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற செம்பூர் பியூரோவின் சூப்பர்வைசர் ஒரே ஒரு காரணம்தான் சொன்னார். பேஷண்டும் தமிழ், நீயும் தமிழ், பேச்சுக்குக் கஷ்டம் இருக்காது.

அந்தக் காரணம் முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே ஒன்றுமில்லாமல் போனது.

வேங்கடசுப்ரமணியன் சாருக்கு எழுபத்து நாலு வயது. ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் முப்பத்தெட்டு வருஷம் கடிதம் எழுதிக் கொடுக்கிற வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தபோது பேச்சும் சேர்ந்து விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துப் பேச்சு கொஞ்சம் திரும்பியது. திரும்பினது இங்கிலீஷ் மட்டும். தமிழில் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறும், நாக்குக்கு வராது. சில பேருக்கு இப்படியும் ஆகும் என்று டாக்டர் சொன்னாராம். சாரின் சம்சாரம் ருக்கு அம்மாவால்தான் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

"நாப்பத்தாறு வருஷம் என்னோட தமிழ்ல சண்டை போட்ட மனுஷர்," என்று முதல் நாளே வேல்ராஜிடம் சொன்னார். "இப்போ கம்ங்கறார், கோங்கறார். ஆபீஸ் ப்யூனைக் கூப்பிடறாப்ல."

வேல்ராஜுக்கு இங்கிலீஷ் என்றால் ஸ்டேஷன் பெயர்ப் பலகையும் மருந்துச் சீட்டும்தான், அதையும் படிக்கத் தெரியாது. தமிழ் எழுத்தே நாற்பத்தொரு வயதில் கற்றுக்கொண்டது. தாராவியில் ஊர்ச் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடத்தின வகுப்பில், முட்டி இடிக்கிற சின்னப் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றரை வருஷம் படித்தான். இப்போது வயது ஐம்பத்திரண்டு. இந்த வேலைக்கு முன்னால் இருபத்து நாலு வருஷம் தோல் பட்டறை. இடுப்பு பெல்ட், கைப்பை, கைக்கடிகார வார் எல்லாம் செய்வார்கள். ஒட்டுகிற சொல்யூஷனின் நெடி நெஞ்சில் இறங்கி, இரண்டு மாடி ஏறினால் நாய் மாதிரி இளைக்கிற நிலைமைக்கு வந்தபோது, பட்டறையை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். பியூரோவில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஆளைத் தூக்குவது, புரட்டுவது, குளிப்பாட்டுவது, மூத்திரப் பாத்திரம் வைப்பது. எல்லாம் ஹிந்தியில்.

முதலில் செம்பூரில் ஒரு வீடு கிடைத்தது. பஸ் நெரிசலில் மூச்சு முட்டி நடு வழியில் இறங்கி இறங்கிப் போனதில் மூன்று நாள் தொடர்ந்து லேட். அந்த வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார். பியூரோவில் கணக்கு எளிது, இரண்டாவது புகார் வந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அடிக்காவிட்டாலும் அடுத்து எங்கே அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது. கல்யாண் என்பார்கள், டிராம்பே என்பார்கள். வேல்ராஜின் நெஞ்சுக்கு அந்த நெரிசல் பயணம் ஆகாது. மாட்டுங்கா வீட்டுக்குப் பாலம் ஏறி இறங்கி, நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாலும், அரை மணி நேரத்தில் நடந்தே வந்துவிடலாம். இந்த வீடு போனால் இனி வேலை இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் நாள் குளிக்கவைக்கப் போகும்போது சார் இடது கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார். "க்ளோஸ்."

கட்டின மனைவியாக இருந்தாலும் தன்னை அந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானாம். படுக்கையறைக் கதவைச் சாத்தினால், ஒட்டினாற்போல் பாத்ரூம். உள்ளே அவரும் வேல்ராஜும் மட்டும். ருக்கு அம்மா ஹாலில் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். உடுத்துவது, அவிழ்ப்பது, குளிப்பது எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்தன. அவர் இங்கிலீஷைத் தமிழில் எடுத்துச் சொல்லக்கூடிய ஆள் வெளியே, தமிழ் பேச முடியாத ஆள் உள்ளே.

சட்டைப் பித்தானில் கை வைத்ததும் சார் சொன்னார், "அன்பட்டன்." பட்டன் என்பது காதில் பட்டதால் வேல்ராஜுக்குப் புரிந்தது. அடுத்தது பைஜாமா. நாடாவை அவிழ்க்காமல் இழுத்துவிடலாம் என்று பார்த்தான், இடுப்பு மெலிந்துதான் இருந்தது. சார் இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அன்டை," என்றார். வேல்ராஜ் முழித்தான். அவர் விடவில்லை. நாடாவின் நுனியை விரலால் தட்டித் தட்டி, "அன்டை." முடிச்சை அவிழ்த்த பிறகுதான் கையை எடுத்தார்.

பட்டறையில் இரண்டே வார்த்தையில் காரியம் முடியும். மாட்டு, கழட்டு. பக்கிள் ஆகட்டும், ஜிப் ஆகட்டும், அமுக்கினால் 'டிக்' என்று ஒட்டுகிற டிச் பட்டன் ஆகட்டும், மாட்டு என்றால் மாட்டணும், கழட்டு என்றால் கழட்டணும். இந்த மனிதரோ ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார். முப்பத்தெட்டு வருஷம் கடிதம் எழுதினவர், ஒரு வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று இருந்தால் அவருக்கு ஆகாது. ஸ்வெட்டருக்கு 'ஸிப் அப்', அதையே இறக்க 'அன்ஸிப்'. பாண்ட் கொக்கிக்கு 'ஹுக்', 'அன்ஹுக்'. இடுப்பு பெல்ட்டுக்கு 'பக்கிள்', 'அன்பக்கிள்'. ஷூ கயிற்றுக்கு 'லேஸ்'. வீல்சேரில் உட்காரவைத்துக் குறுக்கே பட்டி போட்டால் 'ஃபாஸன்'. கழுத்துப் பக்கம் இறுக்கினால் 'லூஸன்'. நாள் முழுக்க ஹாலில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், கதவைச் சாத்தினால் சட்டைக்கும் பாண்டுக்கும் நடுவில் வாய் மூட மாட்டார்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு வேல்ராஜ் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினான். சார் சொன்னதைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் எழுதிக்கொண்டான். சாயங்காலம் வீட்டில் அதை வைத்துக்கொண்டு முணுமுணுப்பான். அவன் மனைவி முத்துமாரிக்கு வீட்டிலேயே காஜா பட்டன் வேலை, சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுப்பது.

"ஒரு நாளைக்கு நானூறு பட்டன் தைக்கேன்," என்றாள், ஊசியைப் பல்லில் கடித்தபடி. "ஒரு பட்டனாவது எங்கிட்ட இங்கிலீஷ் கேட்டுச்சா?"

வேல்ராஜ் தலை நிமிரவில்லை. அவனுக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டிருந்தது. முன்னால் 'அன்' வந்தால் கழட்டு. பின்னால் வருவது சாமான் பெயர். பட்டன், ஹுக், ஸிப், பக்கிள். எல்லாம் சரியாக வந்தது. ஒன்றுதான் இடித்தது. சார் அடிக்கடி 'அன்டூ' என்பார். டூ என்று எந்தச் சாமானும் அவர் உடம்பில் இல்லை.

மறுநாள் குளித்து முடித்துத் துவட்டும்போது கேட்டேவிட்டான். "சார், டூன்னா எது சார்?"

சார் அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பாதி வாயால் சிரித்தார், அந்த வீட்டில் அவர் சிரித்து வேல்ராஜ் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடது கையை நீட்டி, கொக்கியில் தொங்கின சட்டையின் பட்டனைத் தொட்டார். "அன்டூ." பைஜாமா நாடாவைத் தொட்டார். "அன்டூ." வேல்ராஜின் இடுப்பில் இருந்த, அவன் பட்டறையில் அவனே தைத்த பெல்ட்டைத் தொட்டார். "அன்டூ."

"ஓகோ," என்றான் வேல்ராஜ். "எல்லாத்துக்கும் ஒண்ணு. எங்க பட்டறைக் கழட்டு." நோட்டில் அன்றைக்கு அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினான். இருபத்தேழாவது வார்த்தை.

சாரின் வலது பாதம் தொங்கிப் போயிருந்ததால் முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் அச்சு மாட்ட வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை வருகிற பிஸியோதெரபி பெண் சொல்லியிருந்தது, காலையில் மூன்று மணி நேரம் கட்டாயம். கெண்டைக்கால் பக்கம் ஒரு பட்டி, கணுக்கால் பக்கம் ஒரு பட்டி. இரண்டும் வெல்க்ரோ, ஒட்டி வைத்துச் சர்ரென்று பிய்க்கிற ரகம். கணுக்கால் பட்டியில் முடியும் பஞ்சும் ஏறி ஒட்டுகிற சக்தியே போய்விட்டது. போதாக்குறைக்கு, சாருக்குச் சலிப்பு வந்தால் இடது கையால் அதைப் பிய்த்துவிடுவார். பிஸியோ பெண் வந்து பார்த்தால் அச்சு தரையில் கிடக்கும். ருக்கு அம்மாவுக்குத்தான் பாட்டு விழும். புதுப் பட்டி வாங்கி வருகிறேன் என்று அந்தப் பெண் சொல்லி இரண்டு வாரம் ஆயிற்று.

வேல்ராஜ் செவ்வாய்க்கிழமை காலை ஒரு வாரைக் கொண்டுவந்தான். பழைய பட்டறையில் போய்க் கேட்டு, நல்ல கன்றுத் தோலாகத் துண்டு வாங்கி, ஓரம் மடித்துத் தைத்து, ஏழு துளை போட்டு, சின்னப் பித்தளைப் பக்கிள் வைத்திருந்தான். அச்சில் இருந்த பழைய பட்டியை வெட்டிவிட்டு இதைக் கோர்த்தான். ருக்கு அம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில கூட இப்படிக் கிடைக்காது என்றார். வேல்ராஜுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

அவனுக்குத் தோல் தெரியும். புதுத் தோல் நெகிழ்ந்து கொடுக்கும். காலையில் சரியாக இருக்கிற பெல்ட் சாயங்காலம் தொளதொளவென்று ஆகும். அதனால் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு, புது வார் என்றால் முதல் பத்து நாள் ஒரு துளை இறுக்கியே மாட்ட வேண்டும், பிறகு தானே வழிக்கு வரும். கைக்கடிகார வாருக்கும் இதுதான், இடுப்பு பெல்ட்டுக்கும் இதுதான். சாரின் கணுக்காலுக்கு நாலாவது துளை பொருத்தம். ஐந்தாவதில் மாட்டினான்.

புதன்கிழமை குளிக்கவைக்கும்போது கணுக்காலில் சிவப்பாக ஒரு கோடு கிடந்தது. பெல்ட் போட்டவன் இடுப்பில் கிடக்காத கோடா என்று பவுடரைப் போட்டு, மேலே சாக்ஸை மாட்டிவிட்டான்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு அச்சைப் போட்டு சாரை ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்காரவைத்தான். பத்தேகாலுக்கு அவர் கீழே பார்த்து, "அன்டூ," என்றார்.

"பன்னெண்டரை வரைக்கும் போடணும்னு பிஸியோ மேடம் சொல்லிருக்காங்க சார்," என்றான் வேல்ராஜ்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குனிந்து இடது கையால் பக்கிளைத் தேடினார். வெல்க்ரோவாக இருந்தால் ஒரே இழுப்பு. இது பக்கிள். வாரை முன்னால் தள்ளி, முள்ளை எடுத்து, பிறகு உருவ வேண்டும். ஒரு கையால் ஆகிற காரியமில்லை. விரல் பித்தளையில் வழுக்கியது. மறுபடியும் வேல்ராஜைப் பார்த்தார். "அன்டூ."

"தோல் கொடுக்கும் சார். ரெண்டு நாள் பொறுத்துக்கிடுங்க."

மூன்றாவது தடவை அவர் சொன்னபோது பதினொன்றே முக்கால் இருக்கும். சத்தம் இல்லாமல், ஆபீஸில் மேலதிகாரியிடம் லீவு கேட்கிறவர் மாதிரிச் சொன்னார். வேல்ராஜ் அப்போது படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது. விழாதது போல இன்னொரு தடவை உதறினான். பன்னிரண்டரை வரைக்கும் அச்சு அவர் காலிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சாக்ஸைக் கழற்றும்போது ஒரு இடத்தில் அது வரவில்லை. வெந்நீர் தெளித்து மெல்ல உரித்தான். வாரின் ஓரம் பட்ட இடத்தில் தோல் வழன்று, ஒரு கட்டை விரல் நகத்தளவு சதை தெரிந்தது. சாருக்குச் சர்க்கரை வேறு. சர்க்கரைக்காரர் காலில் புண் என்றால் என்ன அர்த்தம் என்று பியூரோ பயிற்சியில் முதல் நாளே படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். வேல்ராஜ் தரையில் உட்கார்ந்தபடி அந்தக் காலைத் தன் தொடை மேல் வைத்துக்கொண்டான். சார் புண்ணைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.

பிறகு வேல்ராஜ் எழுந்து போய், சாத்தியிருந்த கதவைத் திறந்து ருக்கு அம்மாவைக் கூப்பிட்டான்.

கீழ் மாடி டாக்டர் வந்து பார்த்தார். மருந்து வைத்துக் கட்டினார். இன்னும் எலும்பு வரைக்கும் போகவில்லை, ஆனால் அந்தக் காலில் ரத்த ஓட்டம் குறைவு, உட்கார்ந்திருந்தால் மத்தியானத்துக்குள் வீங்குகிற கால், இதில் போய் யார் இப்படி இறுக்கினது என்று கேட்டார். பத்து நாள் அச்சு கூடாது. அதற்குள் ஆற ஆரம்பிக்காவிட்டால் ஆஸ்பத்திரி. சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ருக்கு அம்மா ஹாலுக்குப் போகவில்லை. படுக்கையறையிலேயே, சார் கட்டிலில் படுத்திருக்க, பியூரோவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இப்படி இப்படி ஆகிவிட்டது, உங்கள் ஆளை என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று கேட்டார். சூப்பர்வைசர் பழம் தின்று கொட்டை போட்டவர். பேஷண்ட் வலிக்கிறது என்று சொன்னாரா, எந்த பாஷையில் சொன்னார் என்று விசாரித்தார். இங்கிலீஷ் என்றதும் அவருக்கு வழி கிடைத்துவிட்டது. அப்படியானால் இது ஆள் மேல் தப்பில்லை மேடம், லாங்குவேஜ் ப்ராப்ளம், பேஷண்ட் என்ன பேசுகிறார் என்றே அவனுக்குத் தெரியாது, புகாராக எழுத வேண்டாம், நான் நோட் போட்டுக்கொள்கிறேன் என்றார். வேண்டுமானால் இங்கிலீஷ் தெரிந்த ஆள் இருந்தால் பிறகு பார்க்கலாம்.

ருக்கு அம்மா போனைக் கையில் பிடித்தபடி வேல்ராஜைப் பார்த்தார். முகத்தில் கோபம் பாதி இறங்கியிருந்தது. "அதுவும் வாஸ்தவந்தான். இவர் ஏதோ முனகிருப்பார். உங்களுக்கு என்ன தெரியும், பாவம். புரியலை, அப்படித்தானே?"

ஆமாம் என்றால் முடிந்தது. வாயைத் திறக்கக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். புகார் இல்லை, கல்யாண் இல்லை, டிராம்பே இல்லை. அந்தம்மாவே எடுத்துக் கொடுக்கிறார், பியூரோவே எழுதிக்கொள்கிறது. பொய் என்று தெரிந்த ஒரே ஆள் கட்டிலில் கிடக்கிறார், அவரால் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்ல முடியாது.

வேல்ராஜ் தலையை ஆட்டத்தான் இருந்தான். அப்போதுதான் சூப்பர்வைசர் சொன்னது மறுபடி காதில் ஓடியது. பேஷண்ட் என்ன பேசுகிறார் என்றே தெரியாது. இன்றைக்கு இவன் ஆமாம் என்றால் நாளையிலிருந்து சார் சொல்வதெல்லாம் அதுதான், ஏதோ முனகல். லூஸன் என்றாலும் முனகல், வலிக்கிறது என்றாலும் முனகல். வருகிறவன் போகிறவன் எல்லாரும் புரியவில்லை என்று சொல்லிவிட்டு விரிப்பை உதறலாம். அவருக்கு மிஞ்சியிருக்கிறது அந்த வார்த்தைகள்தான்.

"புரிஞ்சிச்சும்மா," என்றான்.

ருக்கு அம்மாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எது?"

"அன்டூன்னு சொன்னாங்க. மூணு மட்டம். அன்டூன்னா அவுத்துவிடுன்னு அர்த்தம், எனக்குத் தெரியும். நாந்தான் அவுக்கல." மூச்சு இளைத்தது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "தோல் கொடுக்கும்னு நெனச்சேன். முன்ன இருந்த பட்டிய அவங்களே ஒத்தக் கையால பிச்சுப் போட்டுக்கிடுவாங்க. நான் வச்சது ரெண்டு கை இல்லாம வராது. அதயும் யோசிக்கல."

போனில் சூப்பர்வைசர் ஹலோ, ஹலோ என்றார். ருக்கு அம்மா, அப்புறம் பேசறேன் என்று கட் பண்ணினார்.

"உங்களுக்கு எப்படி இங்கிலீஷ் தெரியும்?"

வேல்ராஜ் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தார். கோணல் கோணலான எழுத்து. அன்பட்டன், சட்டை பட்டன் கழட்டு. ஸிப் அப், ஜிப் மேலே ஏத்து. லூஸன், கொஞ்சம் தளத்து. ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். முதலில் வாத்தியார் நோட்டுத் திருத்துகிற குரலாக இருந்தது, பக்கம் திரும்பத் திரும்பக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி வரியில் விரலை வைத்தபடி நிமிர்ந்தார்.

"இத்தனையும் இவர் சொன்னதா?"

"ஆமாம்மா. உள்ள வந்தா பேசிக்கிட்டேதான் இருப்பாங்க."

ருக்கு அம்மா புருஷன் பக்கம் திரும்பினார். "எனக்குக் கம், கோ, வாட்டர், நோ. இவருக்கு இருபத்தேழு வார்த்தையா? கதவைச் சாத்திண்டு?"

சார் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ருக்கு அம்மா அதற்கப்புறம் பேசினதெல்லாம் சுருக்கம். புண் ஆறட்டும், பத்து நாள். அதுவரைக்கும் பியூரோவுக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆறவில்லை என்றால் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுப்பேன், அப்போது என்னைத் திட்டக் கூடாது. இன்னொன்று, இன்றிலிருந்து இந்தக் கதவு சாத்தப்படாது. வேல்ராஜ் சரி என்றான். அச்சில் இருந்த வாரைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது முத்துமாரி தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்லா," என்றாள். "இருவத்தேழு இங்கிலீசு படிச்ச மனுசனுக்கு அந்த ஒரு தமிழ் வரலியாக்கும்."

தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, மறுபடி ஊசியைக் கோர்த்தாள்.

அந்தப் பத்து நாளும் வேல்ராஜ் அரை மணி முன்னாலேயே போனான். கட்டுப் பிரிப்பது, மருந்துத் தண்ணீரில் கழுவுவது, காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பது. ருக்கு அம்மா திறந்த கதவுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் இரண்டு நாள் சார் கதவைக் காட்டி "க்ளோஸ்" என்றார். "மாட்டேன்," என்றார் ருக்கு அம்மா. மூன்றாம் நாள் அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் வேறு எந்த வார்த்தையும் சொல்லவில்லை. வேல்ராஜ் பட்டனில் கை வைத்தால் பேசாமல் காட்டுவார். நாலாம் நாள் ருக்கு அம்மா எழுந்து வந்து தானே சட்டையைப் போட்டுவிட்டார், ஒரு பட்டன் மாறி மேலே கீழே ஆகிவிட்டது. சார் குனிந்து பார்த்தார். அவரால் பொறுக்க முடியவில்லை. "அன்பட்டன்," என்றார். ருக்கு அம்மா நோட்டைப் பார்க்காமலே அவிழ்த்தார்.

ஆறாம் நாள் புண்ணின் ஓரம் காய ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் பொருக்குத் தட்டியது. வேல்ராஜ் அதை டார்ச் அடித்துப் பார்த்து, ருக்கு அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினான். பதினோராம் நாள் டாக்டர் வந்து, ஆறிவிட்டது, இனி அச்சு போடலாம், முதலில் நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் போட்டு ஆரம்பியுங்கள் என்றார். பியூரோவுக்கு எழுதுவதைப் பற்றி ருக்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, வேல்ராஜும் கேட்கவில்லை. ஆனால் அன்று காபி கொடுக்கும்போது, அடுத்த மாதம் காலை எட்டரைக்கே வர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றான்.

பிஸியோ பெண் கொண்டுவந்திருந்த புது வெல்க்ரோ பட்டியை வேல்ராஜ் அச்சில் கோர்த்தான். சாக்ஸில் சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டு, காலை உள்ளே வைத்து, பட்டியைச் சுற்றி ஒட்டினான். ஒட்டினதும் உள்ளே இரண்டு விரல் விட்டுப் பார்த்தான். சுலபமாக நுழைந்தது. பிடிக்கிற நுனியைச் சாரின் இடது கைக்கு எட்டுகிற பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"ஓகேயா சார்?"

சார் காலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அன்டூ," என்றார்.

வேல்ராஜ் உடனே பிய்த்தான். புண் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

"ஃபாஸன்."

ஒட்டினான்.

"அன்டூ."

பிய்த்தான்.

"ஃபாஸன்."

அப்படி ஏழெட்டுத் தடவை நடந்தது. சர்ரென்ற சத்தம் கேட்டு ருக்கு அம்மா சமையலறையிலிருந்து வந்து, கரண்டியோடு கதவில் நின்றார். "என்ன விளையாட்டு இது?" என்று கேட்டார். வேல்ராஜுக்கு விளையாட்டா தண்டனையா என்று தெரியவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். அவர் சொல்லச் சொல்லப் பிய்த்தான், சொல்லச் சொல்ல ஒட்டினான். ஒரு தடவைகூட, இன்னும் நேரமாகவில்லை சார் என்று சொல்லவில்லை.

கடைசியில் ஒட்டின பிறகு சார் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, மழையில் ஊர்ந்து போகிற பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்தார். வேல்ராஜ் பட்டியின் நுனியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தான். வார்த்தை ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டான்.